சின்ன பெட் பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர்: ஹிட்ச் வாங்கும் முன் எழும் கேள்விகள்

டாலஸ் பக்கம் குடியிருக்கிறேன். 6.75 அடி பெட் (சரக்கு ஏற்றும் திறந்த பின்தொட்டி) உள்ள ஃபோர்ட் பிக்கப்பில் ஃபிஃப்த் வீல் வகை 31 அடி வீட்டு ட்ரெய்லர் ஒன்றை மாட்டிக்கொண்டு கோடை விடுமுறைகளில் குடும்பத்தோடு கிளம்பிவிடுவது வழக்கம். இதைத் தெரிந்துகொண்ட நண்பர்களிடமிருந்து மாதம் ஒரு போனாவது வரும்: “நம்ம வண்டியிலயும் மாட்டலாமா? கண்ணாடி உடைஞ்சிடும்னு சொல்றாங்களே?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஃபிஃப்த் வீல் என்றால் ஐந்தாவது சக்கரமா? எங்கே இருக்கிறது அது?

எங்கேயும் இல்லை. குதிரை வண்டிக் காலத்துப் பெயர் அது. முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, அதன் மேல் படுக்கை வாட்டில் ஒரு வட்டச் சட்டம் வைத்திருப்பார்கள். தரையில் உருளும் நான்கு போக, படுத்துக் கிடக்கும் இது ஐந்தாவது. அந்தப் பெயர் பின்னாளில் லாரிகளின் இணைப்புத் தட்டுக்கு ஒட்டிக்கொண்டது. நம்மூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் முன்பாகம் தனியாகக் கழன்று போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடுதான் இதுவும், அளவுதான் சின்னது.

சாதாரண ட்ரெய்லர் பம்பருக்குப் பின்னால் ஓர் இரும்புக் குண்டில் தொங்கும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் அப்படி இல்லை. அதன் மூக்கு பிக்கப்பின் பெட்டுக்கு மேலேயே நீட்டிக்கொண்டு வந்து, பின் அச்சுக்கு நேர் மேலே உட்காரும். மூக்கின் அடியில் கீழ்நோக்கி நிற்கும் 2 அங்குலத் தடிமனுள்ள எஃகு முளைக்குப் பெயர் கிங்பின். அதைத் தாங்கும் கை போன்ற பாகத்துக்குப் பெயர் ‘பின் பாக்ஸ்’ (pin box). அந்த முளையைத் தாடை போலக் கவ்விப் பிடிப்பதுதான் நாம் வாங்கப்போகும் ஹிட்ச். பாரம் அச்சின் மேலேயே விழுவதால் காற்றடித்தாலும், பக்கத்தில் பெரிய லாரி கடந்து போனாலும் வால் ஆடுவது வெகு குறைவு. ஒருமுறை இதை ஓட்டியவர்கள் குண்டு ஹிட்ச்சுக்குத் திரும்ப மனம் வராமல் தவிப்பது இதனால்தான்.

பெட் சின்னதாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

இடம். நீள பெட் என்றால் 8 அடி. சின்ன பெட் என்று சொல்வது வண்டிக்கு வண்டி மாறும். ராம் 2500-இல் 6 அடி 4 அங்குலம், ஃபோர்ட் சூப்பர் டியூட்டியில் (எஃப்-250, எஃப்-350) 6.75 அடி. எஃப்-150 போன்ற, ‘அரை டன்’ என்று சொல்லும் சிறிய ரக வண்டிகளில் 5.5 அடியும் உண்டு. எந்த வண்டியானாலும் ஹிட்ச் அச்சுக்கு நேர் மேலேயோ, ஓரிரு அங்குலம் முன்னாலேயோ உட்கார வேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் கையில் பிடிப்பில்லாமல் போகும். ஆக, பெட் குறையும்போது ஹிட்ச்சுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் குறைகிறது.

ட்ரெய்லரின் அகலம் பெரும்பாலும் 96 அங்குலம், சிலவற்றில் 102. வண்டியும் ட்ரெய்லரும் ‘ட’ மாதிரி செங்குத்தாக நிற்பதாக நினைத்துப் பாருங்கள். கிங்பின்னிலிருந்து ட்ரெய்லரின் பக்கச்சுவர் வரை பாதி அகலம், அதாவது 48 அல்லது 51 அங்குலம். அந்த அளவு இடம் ஹிட்ச்சுக்கு முன்னால் இல்லை என்றால், ட்ரெய்லரின் மூலை கேபினின் பின்கண்ணாடிக்குள் போய்விடும். 8 அடி பெட்டில் அந்த இடம் இருக்கிறது. 6.5 அடியில் இல்லை. அவ்வளவுதான் விஷயம், இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் என் வண்டிக்கும் என் ட்ரெய்லருக்கும் எப்படி அளப்பது?

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே வேலை இதுதான், ஆனால் பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை. ஒரு டேப், ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் கட்ட ஒரு கனமான நட்டு. கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போல விடவேண்டும்.

முதலில் வண்டி. பின் சக்கரத்தின் மையத்துக்கு நேர் மேலே பெட்டின் பக்கச்சுவரில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். அங்கிருந்து கேபினின் பின்புறம் வரை அளக்க வேண்டும். பெட்டின் முன்சுவரோடு நிறுத்திவிடாதீர்கள். பெட்டுக்கும் கேபினுக்கும் நடுவே ஓரிரு அங்குலச் சந்து இருக்கிறது, அதுவும் நம் கணக்கில் வரவு. கேபின் கூரையில் பிரேக் விளக்கு துருத்திக்கொண்டிருந்தால் அங்கிருந்தே எடுங்கள். என் வண்டியில் எனக்குக் கிடைத்தது 40 அங்குலம்.

அடுத்து ட்ரெய்லர். விற்பனைக்கு நிற்கும் இடத்திலேயே அளக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மூக்கின் முன்மூலையிலிருந்து, அதுவும் உங்கள் கேபின் கூரை உயரத்தில் இருக்கும் இடத்திலிருந்து, குண்டைத் தொங்க விட்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு புள்ளி. கிங்பின்னின் மையத்திலிருந்து தொங்க விட்டு இன்னொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே நேர்கோட்டில் டேப்பைப் பிடித்தால் வரும் தூரமே அந்த மூலை சுழலும் வட்டத்தின் ஆரம். 96 அங்குல அகலத்தில், மூலை கிங்பின்னுக்கு 12 அங்குலம் முன்னால் இருந்தால் ஆரம் ஏறக்குறைய 49.5 அங்குலம். புதிய ட்ரெய்லர்களில் மூக்கின் மூலைகளை வளைத்தோ உள்வாங்கியோ செய்கிறார்கள். பின் பாக்ஸையும் முன்னோக்கி நீட்டி வைக்கிறார்கள். அவற்றில் இந்த எண் கணிசமாகக் குறையும். சின்ன பெட்டுக்கு ஏற்றது என்று விளம்பரத்தில் போடுவது இந்த வடிவத்தை வைத்துத்தான். ஆனால் அவர்கள் மனதில் வைத்திருப்பது எந்த வண்டியின் சின்ன பெட் என்று விளம்பரம் சொல்லாது. டேப் சொல்லும்.

வண்டியின் எண் ட்ரெய்லரின் எண்ணைவிட மூன்று நான்கு அங்குலமாவது கூடுதலாக இருந்தால் நிம்மதி. சமதரையில் செய்த கணக்கு இது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மூக்கு சாயும், சாய்ந்த மூக்கு கேபினை நோக்கி வரும். அந்த மூன்று அங்குலம் அதற்காகத்தான்.

எனக்கு 40, ட்ரெய்லருக்கு 48. எட்டு அங்குலம் குறைகிறது. சாதாரண ஹிட்ச் போட்டால் உடனே இடித்துவிடுமா?

உடனே இல்லை. மூலை கிங்பின்னுக்கு நேர் பக்கத்தில் இருக்கும் ட்ரெய்லர் என்றால், இந்த எண்களுக்கு ஏறத்தாழ 56 டிகிரி திரும்பும்வரை இடிக்காது. மூலை இன்னும் முன்னால் நீட்டியிருந்தால் அதற்கும் முன்பே இடிக்கும். ஊருக்குள் முன்னோக்கி ஓட்டும்போது, அகலமாக எடுத்துத் திரும்பினால் அந்தக் கோணம் பெரும்பாலும் வராது. ஆபத்து வருவது மூன்று இடங்களில்: பெட்ரோல் பங்கில் வளைத்து வெளியே வரும்போது, வழி தவறி முட்டுச்சந்தில் திரும்பும்போது, கேம்ப் கிரவுண்டில் மரங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும்போது.

ஸ்லைடர், அதாவது முன்பின் நகரும் ஹிட்ச், இல்லாமல் பல வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் ஒரு தடவை தவறினால் பின்கண்ணாடி, கேபின் கூரை, ட்ரெய்லரின் ஃபைபர் மூக்கு மூன்றும் சேர்ந்து போகும். அந்தச் செலவு நல்ல ஸ்லைடர் ஹிட்ச்சின் விலையைத் தாண்டிவிடும். இருட்டிய பிறகு, மழையில், பின்சீட்டில் பிள்ளை அழும்போதுதான் அந்தத் தடவை வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கையால் நகர்த்தும் ஸ்லைடர் எப்படி வேலை செய்கிறது?

ஹிட்ச்சின் தலை இரண்டு தண்டவாளங்கள் மேல் உட்கார்ந்திருக்கும். நெடுஞ்சாலையில் அது அச்சுக்கு மேலே பூட்டியிருக்கும். குறுகலான இடம் வந்தால் பூட்டைத் திறந்து பத்துப் பன்னிரண்டு அங்குலம் பின்னுக்குத் தள்ளிப் பூட்டுகிறோம். என் கணக்கில் 40 என்பது 52 ஆகிவிடும், 48-க்குப் போதும். பி அண்ட் டபிள்யூ, கர்ட், ரீஸ் என்று ஹிட்ச் நிறுவனங்கள் எல்லாம் இந்த வகையைச் செய்கின்றன.

‘தள்ளி’ என்று சொன்னேனே, யாரும் கையால் தள்ள முடியாது. ரிவர்ஸ் எடுக்கும் இடத்துக்கு முன்னாலேயே, வண்டியும் ட்ரெய்லரும் நேராக இருக்கும்போது நிறுத்துவேன். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது என் மனைவியின் பொறுப்பு. பெட்டின் பக்கவாட்டில் கைவிட்டு நெம்புகோலை இழுப்பேன். அழுத்தத்தில் இருந்தால் அது வராது. வண்டியை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’ என்று விடும். கேபினிலுள்ள கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வண்டியை ஆமை வேகத்தில் முன்னே எடுத்தால், ட்ரெய்லர் நின்ற இடத்தில் நிற்க, தலை பின்னுக்கு நகர்ந்து கடைசியில் இன்னொரு ‘டக்’. இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. நிறுத்தி முடித்து வெளியே வரும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். பின்னுக்குத் தள்ளிய நிலையில் சாலையில் ஓட்டக்கூடாது. பாரம் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

மொத்தம் ஐந்து நிமிடம். வருடத்துக்கு ஆறேழு பயணம் போகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவே இல்லை. இதன் பலவீனம் வேறு: எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே பாதி திரும்பிய பிறகு ஞாபகம் வந்தால், நேராக்க இடமில்லாமல் திண்டாட்டம்தான்.

தானாக நகரும் வகைக்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

மறதிக்கு மருந்து. புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைட், டெம்கோவின் ஆட்டோஸ்லைட் ஆகியவை இந்த வகை. கிங்பின்னில் கேப்சர் பிளேட் என்று ஒரு தகட்டை மாட்டுவார்கள். அது கிங்பின் தாடைக்குள் தனியாகச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் ட்ரெய்லர் திரும்பினால் ஹிட்ச்சின் தலையும் கூடவே திரும்பும். அந்தத் திருப்பமே அடியிலுள்ள அமைப்பை இயக்கித் தலையைப் பின்னுக்கு நகர்த்துகிறது. வண்டி நேரானால் தலையும் முன்னே வந்துவிடும். மோட்டார் கிடையாது, பட்டன் கிடையாது, நாம் செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை.

குறைகளும் இருக்கின்றன. கனம் அதிகம், சிலவற்றைப் பெட்டிலிருந்து இறக்க இரண்டு ஆள் போதாது. வேறொரு ட்ரெய்லரை மாட்ட வேண்டுமானால் அதற்கும் கேப்சர் பிளேட் வேண்டும். வண்டி கோணலாக நிற்கும்போது மாட்டுவதும் கழற்றுவதும் கொஞ்சம் படுத்தும். இருந்தாலும், மாதம் இருமுறை இடம் மாறி, முன்பின் தெரியாத கேம்ப் கிரவுண்டுகளில் இறங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஓய்வு பெற்று ட்ரெய்லரிலேயே வாழ்கிற பெரியவர்கள் பலர் இதை வைத்திருப்பது காரணத்தோடுதான்.

ஹிட்ச்சை விட்டுவிட்டு ட்ரெய்லர் பக்கம் எதையாவது மாற்ற முடியாதா?

முடியும். ரீஸின் சைட்வைண்டர் என்னும் பின் பாக்ஸ் அதற்காகவே வந்தது. கிங்பின் ஹிட்ச்சில் அசையாமல் இருக்கும். ஓர் ஆப்பு வைத்து அதைச் சுழலாமல் கட்டிவிடுவார்கள். ட்ரெய்லர் திரும்பும் அச்சு அதற்கு 22 அங்குலம் பின்னால், பின் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். என் 40 அங்குலம் ஒரே அடியில் 62 ஆகிவிடும். பெட்டில் சாதாரண, எடை குறைந்த ஹிட்ச்சே போதும்.

பழைய பின் பாக்ஸைக் கழற்றிவிட்டு இதைப் போட வேண்டும், உங்கள் ட்ரெய்லரின் சட்டத்துக்குப் பொருந்தும் மாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பும் புள்ளி பின்னால் இருப்பதால் கை பழக ஒரு வாரம் ஆகும். ஒரே ட்ரெய்லரைப் பத்து வருடம் வைத்திருக்கப்போகிறவருக்கு இது நல்ல வழி. மூன்று வருடத்தில் பெரிதாக மாற்றப்போகிறவருக்கு ஸ்லைடர் மேல், அது வண்டியோடு நின்றுவிடும்.

என்னுடையது எஃப்-150, 5.5 அடி பெட். எனக்கும் வழி உண்டா?

இடத்துக்கு வழி உண்டு. இன்னும் நீளமாக நகரும் தானியங்கி ஸ்லைடர், அல்லது சைட்வைண்டர் போன்ற பின் பாக்ஸ். ஆனால் உங்கள் பிரச்சினை இடம் இல்லை, எடை. அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வண்டி 18,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. 12,000 பவுண்டு ட்ரெய்லருக்கு அது போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். ஸ்லைடரா சைட்வைண்டரா என்று மூன்று மாதம் ஆராய்ச்சி செய்துவிட்டு, கதவில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படிக்காதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், முன்பாரம் பின்பாரம் என்று சொல்வார்கள். மூட்டைகளை அச்சுக்கு முன்னால் அதிகம் அடுக்கினால் மாட்டின் கழுத்தில் பாரம் ஏறும். பின்னால் அடுக்கினால் நுகம் மேலே தூக்கும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் வேண்டுமென்றே முன்பாரமாகச் செய்த வண்டி. மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் கிங்பின் வழியாகப் பிக்கப்பின் கழுத்தில் உட்காரும். நடைமுறையில் 20-க்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். இழுக்கும் சக்தி என்பது மாடு எவ்வளவு இழுக்கும் என்பது. பேலோட் என்பது அதன் கழுத்து எவ்வளவு தாங்கும் என்பது. இரண்டும் ஒன்றல்ல. இந்த வகை ட்ரெய்லரில் கழுத்துதான் முதலில் ஒடிகிறது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் தெரியும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு எண் இருக்கும். அந்த எண் உங்கள் கையிலுள்ள அதே வண்டிக்கானது. கையேட்டு எண் வேறு, விளம்பர எண் வேறு, அவற்றை நம்ப வேண்டாம். சன்ரூஃப், தோல் சீட், டீசல் எஞ்சின் என்று ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தின்றிருக்கும்.

நான் முதலில் பார்த்து வைத்திருந்தது 250 வகை, டீசல். ஸ்டிக்கரில் 2,480 பவுண்டு. நானும் மனைவியும் மகனும் சேர்ந்து 400. ஸ்லைடர் ஹிட்ச் 220. ஜெனரேட்டர், ஸ்பேனர் பெட்டி, ஐஸ் பெட்டி என்று 150. மிச்சம் 1,710. ட்ரெய்லர் முழுதாக ஏற்றிய நிலையில் 12,000 பவுண்டு, 22 சதவீதம் என்றால் கிங்பின்னில் 2,640. ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு கூடுதல். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, “எல்லாரும் இழுக்கறாங்க சார்” என்ற தொனியில் ஆங்கிலத்தில் சொன்னார். நான்கு வண்டி தள்ளி 350 வகை ஒன்று நின்றது. அதே எஞ்சின், அதே கேபின், அதே பெட், தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஸ்டிக்கரில் 3,610. அந்த வண்டியைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். 250 வகைகள் பலவற்றில் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். டீசல் எஞ்சினின் கனமும் சேர்ந்தால் மிஞ்சுவது குறைவுதான்.

எஃப்-150 நண்பருக்கு: அரை டன் வண்டிகள் பலவற்றில் ஸ்டிக்கர் எண் 1,400-க்கும் 2,000-க்கும் நடுவே நிற்கும். மேலே உள்ள கணக்கை உங்கள் எண்ணில் போட்டுப் பாருங்கள். மிகச் சிறிய, எடை குறைந்த ஃபிஃப்த் வீல் தவிர மற்றவை வெளியே போய்விடும்.

இன்னொன்று. ட்ரெய்லர் விவரத்தாளில் ‘ஹிட்ச் எடை’ என்று இருப்பது வெறும் வயிற்றோடு எடுத்தது. பேட்டரி இல்லை, கேஸ் நிரப்பவில்லை, முன் அறையில் ஒரு சட்டி பானை இல்லை. நம் வீட்டுச் சமாச்சாரம் தெரியுமே, கிரைண்டர், பத்து கிலோ அரிசி, இட்லிக் கொப்பரை எல்லாம் ஏறுவது முன் அறையில்தான். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்று பலகை மாட்டிய எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சுகள் மூன்றுக்கும் தனித்தனியாக எண் போட்டுச் சீட்டுத் தருவார்கள். பின் அச்சின் எண்ணைக் கதவிலுள்ள அச்சு வரம்போடும் டயரில் அச்சிட்டிருக்கும் வரம்போடும் ஒப்பிட்டால் வாதமெல்லாம் முடிந்துவிடும்.

ஹிட்ச்சைப் பெட்டில் எப்படிப் பொருத்துவார்கள்? துளை போட வேண்டுமா?

உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்தே ட்ரெய்லர் மாட்டுவதற்கான முன்னேற்பாட்டோடு வந்திருந்தால், பெட்டின் தரையில் நான்கு மூடிகளும் நடுவில் ஒன்றும் தெரியும். ‘பக்’ (puck) என்பார்கள். அதற்கென்று செய்த ஹிட்ச்சை வைத்து நான்கு கைப்பிடிகளைத் திருகினால் வேலை தீர்ந்தது, பயணம் முடிந்ததும் கழற்றி ஓரமாக வைக்கலாம். புதிய வண்டி வாங்குகிறவர்கள் இந்த முன்னேற்பாட்டைத் தொழிற்சாலையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் செய்வதைவிட மலிவு.

இல்லை என்றால் இரண்டு எஃகு ரெயில்கள். பெட்டைத் துளைத்து, அடியில் சட்டத்தோடு பிராக்கெட் வைத்து போல்ட் போடுவார்கள். பாரத்தைத் தாங்குவது சட்டம், பெட் தகடு அல்ல. அதனால் அலுமினிய பெட் என்று பயப்பட வேண்டாம். துளைக்கும் முன் அடியில் பிரேக் குழாய், எண்ணெய்த் தொட்டி, ஒயர் எங்கே ஓடுகிறது என்று படுத்துப் பார்ப்பது அவசியம். மூன்றாவது வழி, பெட்டின் நடுவே கூஸ்நெக் குண்டுக்கான குழியிலேயே மாட்டும் ஹிட்ச் (கூஸ்நெக் என்பது பெட்டின் நடுவிலுள்ள குண்டில் மாட்டும் இன்னொரு ட்ரெய்லர் வகை). பி அண்ட் டபிள்யூவின் கம்பானியன் அந்த வகை, அதிலும் ஸ்லைடர் கிடைக்கிறது. கழற்றினால் பெட் தரை வெறுமையாக, தட்டையாக இருக்கும். பெட்டில் சோபா ஏற்றும் நண்பர்கள் அதிகம் உள்ளவர்களுக்கு இது வரமா சாபமா தெரியாது.

பெட்டின் முன்பக்கம் குறுக்கே டூல் பாக்ஸ் வைத்திருந்தால் அது போக வேண்டியதுதான். மூலைக்கு இடம் தேடுகிறோம், அந்த இடத்திலேயே பெட்டி நிற்கிறது.

ஆண்டர்சன் அலுமினிய ஹிட்ச் 35 பவுண்டுதானாமே?

கூஸ்நெக் குழியில் மாட்டும் மாடல் அவ்வளவுதான், ஒரு கையால் தூக்கி இறக்கலாம். தாடைக்குப் பதில் குண்டின் மேல் உட்காருவதால் ஆட்டமும் சத்தமும் குறைவு. முதுகு வலிக்காரர்களுக்கும் பேலோட் வரம்பை ஒட்டி நிற்கிறவர்களுக்கும் நல்ல தேர்வு. ஆனால் அது நகராது. குண்டின் இடத்தை முன்பின் மாற்றி வைத்துக் கொஞ்சம் இடம் பிடிக்கலாம். 40-ஐ 52 ஆக்கும் வித்தை அதனிடம் இல்லை.

கிங்பின்னில் நீளக் குழாய் மாட்டிக் கூஸ்நெக் குண்டில் நேராக உட்கார வைக்கும் அடாப்டர்களும் கிடைக்கின்றன. மலிவு. நீளமான கோல் நெம்புகோலாக மாறி ட்ரெய்லரின் முன்சட்டத்தை முறுக்கும் என்பதால், சட்டம் செய்கிறவர்கள் வாரன்டி தர மறுப்பதுண்டு. எழுத்தில் அனுமதி வாங்காமல் மாட்டாதீர்கள்.

உயரத்தையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பெட்டின் பக்கச்சுவர் விளிம்புக்கும் ட்ரெய்லர் மூக்கின் அடிப்பாகத்துக்கும் நடுவே 6 அங்குலம் வேண்டும். இப்போதைய பிக்கப்புகள் வருடத்துக்கு வருடம் உயரமாகிக்கொண்டே போவதால், ஹிட்ச்சை ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது. அதிகம் ஏற்றினால் ட்ரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டு, பாரம் ட்ரெய்லரின் பின்பக்க அச்சுக்குத் தள்ளும். ஹிட்ச்சின் உயரத்தை இரண்டு மூன்று படிகளில் மாற்றலாம், பின் பாக்ஸையும் துளை மாற்றி ஏற்றி இறக்கலாம். இரண்டையும் கலந்து, சமதரையில் ட்ரெய்லர் மட்டமாக நிற்கும் இடத்தைப் பிடியுங்கள்.

ஹிட்ச்சின் தலை முன்பின் மட்டும் சாய்வதாக இல்லாமல் நாலு பக்கமும் சாய்வதாக இருந்தால் மேடு பள்ளத்தில் மாட்டுவது சுலபம். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மாட்டும்போது பெரிய ஆபத்து எது?

கிங்பின் தாடைக்குள் போகாமல் தாடையின் மேலேயே உட்கார்ந்துவிடுவது. பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும். வண்டியை எடுத்தால் ட்ரெய்லர் நழுவி, பெட்டின் இரண்டு பக்கச்சுவர்களின் மேலும் ‘தொம்’ என்று விழும்.

என் இரண்டாவது பயணத்தில் இதன் விளிம்புவரை போய் வந்தேன். ட்ரெய்லர் நிறுத்தும் மைதானத்தில் காலை ஆறு மணி. மூக்கைக் கொஞ்சம் உயரமாக வைத்துவிட்டேன். பின்னால் எடுத்தேன், ‘டக்’ சத்தம் கேட்டது, நெம்புகோலும் பாதி தூரம் நகர்ந்தது. சரி, மாட்டிவிட்டது என்று ட்ரெய்லரின் தாங்குகால்களைத் தூக்கப் போனேன். பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் காபிக் கோப்பையோடு வந்து, ஒன்றும் பேசாமல், தன் போன் விளக்கைத் தாடைக்குப் பின்னால் காட்டினார். கிங்பின்னின் கழுத்தைச் சுற்றி இருக்க வேண்டிய இரும்பு அங்கே இல்லை, காலை வெளிச்சம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து என் வரிசை மாறவே மாறாது. கிங்பின் தட்டை ஹிட்ச்சின் தட்டைவிட அரை அங்குலம் தாழ்வாக வைத்து, ஹிட்ச் அதை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்படி பின்னால் எடுப்பேன். நெம்புகோல் முழுதாக மூடி, பூட்டுக் கம்பி தடையில்லாமல் விழ வேண்டும். பிறகு டார்ச். கால்களைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, சக்கரக் கட்டைகளை எடுக்காமல், ட்ரெய்லர் பிரேக்கை அழுத்தி வண்டியை மெதுவாக முன்னே இழுத்துப் பார்ப்பேன். பிடித்திருந்தால் அசையாது. தாடை ஏமாற்றியிருந்தால் ட்ரெய்லர் ஓர் அங்குலம்தான் இறங்கும், பெட் பிழைக்கும். அதற்கப்புறம் ஏழு முனை ஒயர், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கும் கேபிள். கழற்றும்போது பெட்டின் பின்கதவான டெயில்கேட்டைத் திறந்துவிட்டு வண்டியை எடுங்கள். அதை மூடி வைத்துக்கொண்டே முன்னே எடுத்துப் பின் பாக்ஸால் கிழித்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

தனி லைசென்ஸ் வேண்டுமா?

மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேல் 15,000 வரை உள்ள ஃபிஃப்த் வீலுக்கு உங்கள் சாதாரண லைசென்ஸில் ஒரு கூடுதல் அனுமதி வேண்டும், 15,000-ஐத் தாண்டினால் வணிகம் சாராத ஏ வகுப்பு. டெக்சஸில் வண்டி, ட்ரெய்லர் இரண்டின் எடை வரம்பும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, ட்ரெய்லர் 10,000-க்கு மேல் இருந்தால் ஏ வகுப்பு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 4,600 கிலோவுக்கு மேற்பட்ட வீட்டு ட்ரெய்லருக்கு 07 என்னும் குறியீடு. எடை என்று இங்கே பார்ப்பது பெரும்பாலும் தகட்டில் எழுதியிருக்கும் வரம்பு, நீங்கள் ஏற்றிய எடை அல்ல.

செகண்ட் ஹேண்டில் ஸ்லைடர் வாங்கலாமா?

தாராளமாக. கனமான இரும்பு, சீக்கிரம் கெடாது. புதிதாக வாங்கினால் கையால் நகர்த்துவது ஆயிரம் டாலருக்கு மேல், தானாக நகர்வது இரண்டாயிரத்தைத் தாண்டும். பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். வெல்டிங் மூட்டுகளில் விரல் வைத்துத் தடவி விரிசல் பாருங்கள். தாடையின் உள்பக்கம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடரை இரண்டு நிலையிலும் நகர்த்திப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். துரு பிடித்து நகர மறுத்தால் கிரீஸ் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள், சரியாக்கிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் ட்ரெய்லரின் மொத்த எடை வரம்புக்கு மேலான தரமா என்று ஸ்டிக்கரில் படியுங்கள். ஸ்டிக்கரே உரிந்திருந்தால் வேண்டாம்.

தானியங்கி வகை என்றால் கேப்சர் பிளேட் எங்கே என்று கேட்க மறக்காதீர்கள். விற்கிறவர் அதைத் தன் பழைய ட்ரெய்லரோடு சேர்த்து யாருக்கோ விற்றிருப்பார், அவருக்கே அது ஞாபகம் இருக்காது.